எஸ்ஜே அடிச்சா சிங்கிள் ஜெர்சி வரும்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

எங்களுது திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் சின்ன நிட்டிங் யூனிட்டுங்க. ஆறு மெஷின் ஓடுது, ஜாப் ஒர்க் மட்டுந்தான், நூலு பார்ட்டிகிட்ட இருந்து வரும், நாங்க துணியா ஓட்டி டையிங்குக்கு தாட்டி உட்டுருவோம். மெஷின் பக்கம் என்ற வூட்டுக்காரர் பாத்துக்கறாரு, ஆபீஸ்ல நானும் ஊத்துக்குளியில இருந்து வர்ற ஒரு பொண்ணும். ஒரு நாளைக்கு 60, 70 ரோல் எறங்கும், ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு என்ட்ரி, அதுல துணி பேரு, நூல் கவுண்ட் (நூலோட சன்னம்), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்), டயா (மெஷின் வட்டத்தோட அகலம்), கேஜ் (ஒரு இஞ்சுக்கு எத்தன ஊசி), லாட் நம்பர், பார்ட்டி பேருன்னு எல்லாமே வரோணும், அப்பறம் சலான், அப்பறம் பில்லு. சிங்கிள் ஜெர்சி 30எஸ் கோம்புடு 180 ஜிஎஸ்எம் 24 டயாங்கற ஒரே வரிய ஒரு நாளைக்கு எத்தன தடவ அடிக்கறதுன்னு நெனச்சுப் பாருங்க, பொழுதோட வூட்டுக்குப் போறப்ப மணிக்கட்டு வீங்கிப் போயிருக்கும்.

அதனாலதான் இந்த சாமானைத் தேடுனேன். பிரவுசர்ல போடற எக்ஸ்டென்ஷன், வெப்ல இருக்கற ஃபார்ம் கட்டத்துக்குள்ள நாம அடிக்க அடிக்க அதுவே சுருக்கத்த எடுத்துட்டு முழு வார்த்தைய வெச்சுரும். எஸ், ஜேன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அடிச்சு ஸ்பேஸ் தட்டுனா சிங்கிள் ஜெர்சின்னு வந்துரும், ஆர்எல்னா ரிப் லைக்ரா, ஜிஎம்னா கிரே மெலாஞ்ச். கோயமுத்தூர் சரவணம்பட்டியில ரெண்டு தம்பிக சேந்து பண்ணுனது, கடையில கெடைக்கற மாதிரி பொதுவா இன்னும் வெளியிடலைங்க, தெரிஞ்சவங்க மூலமா யூனிட் யூனிட்டா குடுத்துட்டு இருக்காங்க. கொறையும் சொல்லப் போறதுனால பேரு போடலை, அவங்களே வெளிய விடட்டும். வருசத்துக்கு 1,500 ரூவா, ரெண்டு கம்ப்யூட்டர் வரைக்கும்.

இதுக்கு முன்னாடி ஓசியில கெடச்ச வேற ஒண்ணப் போட்டு நாங்க பட்ட பாட்டை மொதல்ல சொல்லிருறேன், ஏன்னா இந்த மாதிரி சாமானை எப்படி சோதிக்கோணும்னு எனக்கு அதுதான் கத்துக் குடுத்துச்சு. போட்ட அன்னிக்கு அவ்வளவு சந்தோசம், எஸ்ஜேன்னு தட்டுனா டக்குனு மாறுது, ஒட்டுக்கா 14 ரோல் அடிச்சு சேவ் குடுத்து, சலான் பிரிண்ட் எடுத்து, பாக்காமயே வண்டியில குடுத்து தாட்டி உட்டாச்சு. மத்தியானம் டையிங்ல இருந்து போன், "ஏனுங்கக்கா, துணி பேரு இருக்கற எடத்துல எஸ்ஜேன்னு மட்டும் இருக்குது, கவுண்டும் காணோம் ஜிஎஸ்எம்மும் காணோம், நாங்க எதுன்னு எடுத்துக்கறது?" எனக்குத் தலையும் புரியல காலும் புரியல, நான் என்ற கண்ணால திரையில பாத்தேனே, முழுசா இருந்துச்சே! திரும்ப சாஃப்ட்வேரைத் தொறந்து பாத்தா உள்ள எல்லா ரோலும் எஸ்ஜே, எஸ்ஜே, எஸ்ஜேன்னே சேவ் ஆயிருக்குது. திரையில தெரிஞ்சது வேற, உள்ள போனது வேற. அன்னிக்கு அந்த லாட் முச்சூடும் மறுபடி சலான் போட்டு, வூட்டுக்காரர் வண்டிய எடுத்துட்டு அவரே நேர்ல போய் மாத்திக் குடுத்துட்டு வந்தாரு.

ஏன் அப்படி ஆச்சுன்னு பொறவு இந்த சரவணம்பட்டி தம்பிதான் வெவரமா சொன்னாப்ல. நாம கையில அடிக்கறப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் பிரவுசர் அந்தப் பக்கத்துக்கு "கட்டத்துல எழுத்து மாறிருச்சு"ன்னு ஒரு சேதி அனுப்பும், அதுக்குப் பேரு இன்புட் ஈவன்ட். ஆனா ஒரு புரோகிராம் கட்டத்துக்குள்ள இருக்கற எழுத்த நேரடியா மாத்துனா அந்த சேதி தானா கெளம்பாது. இப்ப வர்ற சாஃப்ட்வேர் நெறையப் பேரு ரியாக்ட் மாதிரி, வெப் பக்கம் கட்டறதுக்குன்னே இருக்கற கருவிய வெச்சுக் கட்டறாங்க, அது கட்டத்துல என்ன இருக்குதுன்னு தங்கிட்ட தனியா ஒரு நகல் வெச்சுக்குது, சேதி வந்தாத்தான் நகலை மாத்தும், சேவ் குடுக்கறப்ப நகலைத்தான் அனுப்பும். அப்ப எழுத்து மாறிருச்சு, சேதி போகல, நகல்ல பழைய எஸ்ஜேவே இருக்குது. சரியாப் பண்ணோணும்னா எழுத்தையும் மாத்தி, மாத்துன கையோட அந்த சேதியையும் அந்த சாஃப்ட்வேர் ஏத்துக்கற மாதிரி அனுப்போணும். இந்த எக்ஸ்டென்ஷன்ல அதைப் பண்ணிருக்காங்க, எட்டு மாசத்துல ஒரு தடவ கூட சேவ் ஆனது வேறயா வரலைங்க. நீங்க எதை வாங்குனாலும் மொத நாளு ஒரே ஒரு என்ட்ரி அடிச்சு, சேவ் குடுத்து, பக்கத்த மூடி, திரும்பத் தொறந்து பாருங்க. திரைய நம்பாதீங்க.

அடுத்து கர்சர். இது சின்ன விசயம் மாதிரி தெரியும், ஆனா பொழுதுக்கும் அடிக்கறவங்களுக்கு இதுதான் உசுரு. கட்டத்துல இருக்கறத முழுசா எடுத்துட்டு புதுசா வெச்சா கர்சர் கடைசிக்கு ஓடிரும். கடைசியில அடிச்சுட்டு இருந்தா தெரியாது, எப்படியும் அங்கதான இருக்கோம். ஆனா அடிச்ச வரியில நடுவுல போய் கவுண்ட மாத்தறீங்க, 30 எடுத்துட்டு 34 போட்டு கோம்புடுன்னு வர்றதுக்கு சுருக்கத்த அடிக்கறீங்க, அது மாறுன ஒடனே கர்சர் கடைசிக்குப் போயிருச்சுன்னா அடுத்து அடிக்கற எழுத்து முச்சூடும் டயா நம்பருக்கு பின்னாடி போய் ஒட்டிக்கும். 24 டயா 241 ஆயிரும். பழைய ஓசி சாமான்ல இது தெனமும் நடந்துச்சு. இதுல மாத்தறதுக்கு முன்னாடி கர்சர் எத்தனாவது எழுத்துல இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, மாத்துனதுக்கப்பறம் புது வார்த்தை எவ்வளவு நீளமோ அதுக்குத் தக்கன கர்சர அங்கயே கொண்டு வந்து நிறுத்துது. கை நிக்காம ஓடுது.

அப்பறம் கண்ட்ரோல் இசட். சில நேரம் நெசமாவே எஸ்ஜேன்னே இருக்கோணும், அப்ப மாறிருச்சுன்னா ஒரு தடவ கண்ட்ரோல் இசட் தட்டுனா பழையபடி எஸ்ஜே வரோணும், அவ்வளவுதான் நமக்கு வேணும். புரோகிராம் நேரடியா எழுத்த மாத்துனா பிரவுசரு அதுக்கு முன்னாடி நாம அடிச்ச வரலாறெல்லாத்தையும் மறந்துரும், கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது. இவங்க இதுக்கு ஒரு பழைய கமாண்டைப் பயன்படுத்தறாங்களாம், இனிமே இதைப் புதுசா யாரும் சேக்காதீங்கன்னு ஒதுக்கி வெச்சதுதானாம், ஆனா அண்டூவைக் காப்பாத்தறதுக்கு இன்னும் அதுதான் கை குடுக்குதுன்னு தம்பி சொன்னாப்ல. எப்படியோ, எங்க ஆபீஸ்ல கண்ட்ரோல் இசட் வேலை செய்யுது.

இப்ப ஜிஎஸ்டி நம்பருக்கு வாரேன், எனக்கு இந்த சாமான்ல ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. மொத ரெண்டு மாநிலத்துக்கு, நம்முளுக்கு 33. அடுத்த பத்து அவங்க பேன் நம்பர், அதுல மொதல்ல அஞ்சு எழுத்து, பொறவு நாலு எண்ணு, பொறவு ஒரு எழுத்து. 13ஆவது அந்த பேனுக்கு அதே மாநிலத்துல எத்தனாவது பதிவுங்கறது, 14ஆவது இசட், 15ஆவது சரிபார்ப்புக் குறி. பார்ட்டி வாட்ஸ்அப்புல போட்டோ எடுத்து அனுப்புவாங்க, அதுல ஓவும் சைபரும் ஒரே மாதிரி இருக்கும், ஐயும் ஒண்ணும் அப்படித்தான். எடம் பாத்து முடிவு பண்ணலாம்ல, எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் எண்ணு மட்டுந்தான் வர முடியும், அங்க ஓ அடிச்சா சைபரா மாத்திருது. மூணுல இருந்து ஏழு வரைக்கும் எழுத்து மட்டுந்தான், அங்க சைபர் அடிச்சா ஓவா மாத்திருது. 13ஆவதையும் 15ஆவதையும் அது தொடறதே இல்லை, ஏன்னா அங்க ரெண்டுமே வரலாம். கடைசிக் குறிய மட்டும் மித்த 14 எழுத்த வெச்சு கணக்குப் போட்டு, சேரலைன்னா கட்டத்தச் சுத்தி செவப்புக் கோடு போடுது, அதுவா ஒண்ணும் மாத்தாது. எங்க உறுதியோ அங்க மாத்து, எங்க சந்தேகமோ அங்க காட்டு மட்டும், இந்த நெதானம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. பார்ட்டி நம்பர் தப்பாப் போச்சுன்னா அவங்களுக்கு வரவேண்டிய வரி கிரெடிட்டு வராது, மாசக் கடைசியில போனு நமக்குத்தான் வரும்.

பெரிய எழுத்து விசயமும் இதோட சேந்தது. எங்க சலான் சாஃப்ட்வேர்ல ஜிஎஸ்டி கட்டத்துல சின்ன எழுத்துல அடிச்சாலும் பெரிய எழுத்தாத்தான் தெரியும், ரெண்டு வருசமா அப்படியே நம்பிட்டு இருந்தேன். எக்ஸெல்லுக்கு எடுத்துப் பாத்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, பாதி சின்ன எழுத்து, பாதி பெரிய எழுத்து. அது என்னன்னா பக்கத்துக்கு அலங்காரம் பண்ற எடத்துல "இதைப் பெருசாக் காட்டு"ன்னு ஒரு வரி எழுதி வெச்சிருந்திருக்காங்க, அது கண்ணுக்கு மட்டும் பெருசாக் காட்டும், உள்ள நாம என்ன அடிச்சமோ அதேதான் போகும். எக்ஸ்டென்ஷன் எழுத்தையே மாத்தி வெக்குது, அதனால இப்ப உள்ளயும் பெரிய எழுத்து. வண்டி நம்பரும் அப்படித்தான், டிஎன் 39ன்னு எடம் விட்டு அடிச்சாலும் கோடு போட்டு அடிச்சாலும் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒட்டுனாப்புல வெச்சுருது, தேடறப்ப ஒரே வண்டி மூணு வண்டியா வர்றது நின்னு போச்சு.

தமிழுக்கு வாரேன். ஆபரேட்டருங்க கூலி சீட்டு நாங்க தமிழ்லதான் போடறது, அவங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடோணும்ல. தமிழ்ல டைப் பண்றதே அடிக்க அடிக்க மாறற வேலைதாங்க, நாம கவனிக்கறதில்லை. தமிழ்99ங்கற கீபோர்டு முறையில க-வை ரெண்டு தடவ தட்டுனா மொத க-வுக்கு அதுவே புள்ளி வெச்சு க்கன்னு ஆக்கிரும், ங அடிச்சு க அடிச்சா ங்க, ந அடிச்சு த அடிச்சா ந்த, ம அடிச்சு ப அடிச்சா ம்ப. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கப்பறம் அரசு ஏத்துக்கிட்ட தட்டு இது, 25 வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் இவ்வளவு யோசிச்சுப் பண்ணுன வேலை கம்மி, ஏன்னா தமிழ்ல எந்த எழுத்துக்குப் பின்னாடி எது வரும்ங்கற இலக்கணமே அதுக்குள்ள இருக்குது. எங்க ஆபீஸ் பொண்ணு தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணது, அதுக்கு கை பழகுனது பழைய டைப்ரைட்டர் தட்டு, அதுல கொம்பு மொதல்ல அடிச்சுட்டு பொறவு எழுத்து அடிக்கோணும், கேன்னா மொதல்ல கொம்பு, அப்பறம் க. இப்ப கம்ப்யூட்டர் எழுத்த உள்ள வெச்சுக்கற யூனிகோட் முறையில அது தலைகீழ், எழுத்து மொதல்ல, கொம்பு பொறவு. அதனால அந்தக் கீபோர்டு சாஃப்ட்வேர் கொம்பைக் கொஞ்ச நேரம் கையில புடிச்சு வெச்சிருந்து எழுத்து வந்ததும் மாத்தி வெக்குது.

இங்கதான் ரெண்டுக்கும் ஓரியாட்டம் வந்துச்சு. கீபோர்டு ஒரு பக்கம் மாத்துது, எக்ஸ்டென்ஷன் இன்னொரு பக்கம் மாத்துது, நடுவுல எழுத்து ஒடஞ்சு புள்ளி தனியா கால் தனியா நின்னுச்சு. மொத மாசம் அந்தப் பொண்ணு அழுகாத கொறை. "அக்கா நான் பழனிசாமின்னுதான் அடிச்சேன், அது என்னமோ பண்ணுதுங்கக்கா"ன்னு வந்து நிக்கும். தம்பிகளுக்குச் சொன்னோம், ஒருத்தர் நேர்லயே வண்டியில வந்து ரெண்டு மணி நேரம் அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல ஒக்காந்து அது அடிக்கறதப் பாத்துட்டுப் போனாப்ல. கீபோர்டு ஒரு எழுத்த இன்னும் கட்டிட்டு இருக்குதுன்னா பிரவுசருக்கு அது தெரியும், முடிஞ்சதும் அதையும் தெரியப்படுத்தும், அது முடியற வரைக்கும் கை வெக்கக் கூடாதுங்கறத இவங்க விட்டுப்போட்டாங்க. அடுத்த வாரமே சரி பண்ணி அனுப்பிட்டாங்க, இப்ப கட்டி முடிஞ்சு ஸ்பேஸ் வந்தாத்தான் எக்ஸ்டென்ஷன் வேலையத் தொடங்குது.

அதே தம்பி போறப்ப எங்களுக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போனாப்ல. ஆபரேட்டர் பேரு தேடுனா சில பேரு வரவே மாட்டாங்க, இருக்கறது கண்ணுக்குத் தெரியும், தேடுனா இல்லைங்குது. கொ-ங்கற எழுத்த ரெண்டு விதமா உள்ள எழுதலாமாம், கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறியா வெக்கலாம், இல்ல ரெண்டும் சேந்த ஒரே குறியா வெக்கலாம். பாக்க ஒண்ணே, கம்ப்யூட்டருக்கு வேற வேற. கோ, கௌ-வும் அப்படியேதான். கௌ-வுல இன்னும் ஒரு கோளாறு இருக்குது, நெறையப் பேரு கெ அடிச்சுட்டு பக்கத்துல ள போட்டு வெச்சுருவாங்க, கௌசல்யா கெளசல்யா ஆயிரும், இது கண்ணுக்கும் தெரியாது. இப்ப எக்ஸ்டென்ஷன் கட்டத்த விட்டு வெளிய வர்றப்ப மொத வகைய எல்லாம் ஒரே மாதிரி ஆக்கிருது. ள வகைய அதுவா மாத்தக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன், ஏன்னா கெளுத்தி மாதிரி நெசமாவே கெ-வும் ள-வும் சேந்து வர்ற வார்த்தை இருக்குது, அதைப் போய் மாத்தி வெச்சுருச்சுன்னா? கீழ கோடு மட்டும் போட்டுக் காட்டட்டும்னேன்.

பேருங்கற எடத்துல எதையும் தானா மாத்தக் கூடாதுங்கறது என்ற உறுதியான எண்ணங்க. எங்க பார்ட்டி ஒருத்தரோட கம்பெனிப் பேரே எஸ்ஜேன்னுதான் தொடங்கும், அவங்க அப்பா அம்மா பேரோட மொத எழுத்து. பார்ட்டி கட்டத்துல அதை அடிச்சு ஸ்பேஸ் தட்டுனதும் சிங்கிள் ஜெர்சின்னு ஆகி, பில்லும் அப்படியே போயிருச்சு. அந்த அண்ணன் பெரிய மனுசன், சத்தம் போடலை, "அம்மிணி, என்ற பேர மாத்திட்டியே"ன்னு மட்டும் கேட்டாரு, எனக்கு ரெண்டு நாளு வெசனமாவே இருந்துச்சு. ஒரு மனுசன் பேரு, அதுல அவங்க அப்பா அம்மா இருக்காங்க, அதை நாம அடிச்சது ஒண்ணு, காகிதத்துல வந்தது ஒண்ணுன்னு ஆகறது தப்புங்க. இதுக்கு எக்ஸ்டென்ஷன்லயே வழி இருக்குது, எந்தக் கட்டத்துல வேண்டாமோ அதுமேல ரைட் கிளிக் பண்ணி நிறுத்திரலாம், ஆனா வாங்குனப்ப எல்லாக் கட்டத்துலயும் ஓடற மாதிரிதான் வெச்சுக் குடுத்தாங்க, பெரிய கொறை இது. எந்தக் கட்டத்துல வேணுமோ அதை மட்டும் நாம தொறந்து விடற மாதிரி இருக்கோணும். அதோட நாங்க இப்ப சுருக்கத்துக்கு முன்னாடி ஒரு செமிகோலன் சேத்துக்கிட்டோம், செமிகோலன் எஸ்ஜேன்னு அடிச்சாத்தான் மாறும், சும்மா எஸ்ஜேன்னா அப்படியே நிக்கும். ஒரு தட்டு எச்சா ஆகுது, பரவால்லைங்க.

வேலை செய்யாத எடங்களும் இருக்குது. ஈமெயில்னு தனியா அறிவிச்சு வெச்ச கட்டத்துலயும் நம்பர்னு அறிவிச்ச கட்டத்துலயும் இது கையே வெக்காது, ஏன்னா அந்த வகைக் கட்டத்துல கர்சர் எங்க இருக்குதுன்னு பிரவுசரு வெளிய சொல்லாதாம். எடை போடற கட்டம் நம்பர் வகை, அதுல எனக்கு மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை, அதனால கவலை இல்லை. வாட்ஸ்அப் வெப்ல டைப் பண்ற எடமும் நெசத்துல ஃபார்ம் கட்டமே கெடையாது, வேற வகை, அங்கயும் ஓடாது. போன்லயும் ஓடாது, ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாதுல்ல. ஃபயர்பாக்ஸ்ல போன்லயும் போடலாம், 2023 டிசம்பர்ல இருந்து எல்லா எக்ஸ்டென்ஷன்காரங்களுக்கும் தொறந்து விட்டிருக்காங்க, ஆனா இவங்க அதுக்கு இன்னும் பண்ணலை, அதுல ஒரு சிக்கல் இருக்குதாம். கம்ப்யூட்டர்ல எந்தச் சாவிய அமுக்குனோம்னு பிரவுசரு சொல்லும், ஆண்ட்ராய்டு கீபோர்டுல பெரும்பாலும் எதை அமுக்குனாலும் 229ன்னு ஒரே நம்பரத்தான் சொல்லும், அதனால ஸ்பேஸ் தட்டுனாங்களான்னு சாவிய வெச்சுக் கண்டுபுடிக்க முடியாது, கட்டத்துல என்ன எழுத்து வந்துச்சுன்னு பாத்துத்தான் புரிஞ்சுக்கோணும்.

நீளக் கணக்குலயும் ஒரு எடம் கவனமா இருங்க. ரிமார்க்ஸ் கட்டத்துல எங்க சாஃப்ட்வேர் 60 எழுத்துக்கு மேல அடிக்க விடாது, கையில அடிச்சா நின்னுக்கும். ஆனா புரோகிராம் மாத்தி வெக்கறப்ப அந்தத் தடை வேலை செய்யறதில்லை, அதுபாட்டுக்கு 90 எழுத்துக்கு வெச்சுரும், சேவ் குடுத்தா அந்தப் பக்கம் ஏத்துக்காது, செவப்புல எர்ரர் வரும். தமிழ்ல இன்னும் சீக்கிரம் நெறஞ்சுரும், திருப்பூர்ங்கறது நம்ம கண்ணுக்கு அஞ்சு எழுத்து, கட்டத்துக்கு அது பத்து, ஏன்னா கொக்கி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். இவங்க இப்ப நீளம் தாண்டுற மாதிரி இருந்தா மாத்தாம விட்டுடறாங்க, அது சரிதான்.

பாதுகாப்பு பத்தி சொல்லாம விட்டா தப்பு. இந்த வகை எக்ஸ்டென்ஷன் போடறப்ப எல்லா வெப்சைட்லயும் இருக்கற உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி கேக்கும், கட்டத்துல நீங்க அடிக்கறதப் பாத்தாத்தான அது மாத்த முடியும், அதனால கேக்கறது ஞாயந்தான். ஆனா அதே கம்ப்யூட்டர்லதான் நாம பேங்க் சைட்டும் தொறக்கறோம். நான் என்ன பண்ணுனேன்னா குரோம்ல எக்ஸ்டென்ஷன் செட்டிங்ல போய் எங்க சலான் சைட்டுக்கும் கூலி சைட்டுக்கும் மட்டும்னு கட்டுப்படுத்திட்டேன், பேங்குக்கு தனியா வேற ஒரு குரோம் ப்ரொஃபைல் வெச்சுட்டேன், அதுல ஒரு எக்ஸ்டென்ஷனும் கெடையாது. தம்பிக நல்லவங்கதான், பாஸ்வேர்டு கட்டத்த அவங்க தொடறதே இல்லைன்னு சொல்றாங்க, நான் நம்பறேன், இருந்தாலும் பேங்க் பேங்குதாங்க. இந்த ஒரே செட்டிங் எல்லாரும் பண்ணிக்கோங்க, யாரு எக்ஸ்டென்ஷன் குடுத்தாலும்.

காசு குடுக்கோணுமான்னு கேப்பீங்க. சுருக்கம் விரியறது மட்டும் போதும்னா குடுக்க வேண்டாங்க. விண்டோஸ்ல ஆட்டோஹாட்கீ இருக்குது, எஸ்பான்ஸோ இருக்குது, ரெண்டுமே ஓசி. அதுக பிரவுசருக்குள்ள வேலை பண்றதில்லை, நாம அடிச்ச எழுத்த பேக்ஸ்பேஸ் தட்டி அழிச்சுட்டு புதுசா அதுவே அடிச்சுக் குடுக்கும், அதனால எந்த சாஃப்ட்வேரும் நம்ம கையில அடிச்சதாத்தான் நெனச்சுக்கும், நான் மொதல்ல சொன்ன சேவ் ஆகாத பிரச்சனையே அதுல வராது. வாட்ஸ்அப்லயும் ஓடும், எக்ஸெல்லயும் ஓடும். பக்கத்துத் தெருவுல செக்கிங் கட்டிங் வெச்சிருக்கற அக்காவுக்கு நானே ஆட்டோஹாட்கீ போட்டுக் குடுத்தேன், அவங்களுக்கு பத்து வார்த்தைதான், அது தாராளமாப் போதும். ஆனா அதுகளுக்கு நாம பேரு கட்டத்துல இருக்கறமா ஜிஎஸ்டி கட்டத்துல இருக்கறமான்னு தெரியாது. எனக்கு கட்டத்துக்குக் கட்டம் வேற வேற வழக்கம் வேணும், அதுக்குத்தான் இந்த 1,500.

எட்டு மாசத்துல எங்களுக்கு என்ன மிச்சம்னா, ரோல் என்ட்ரி சாயந்தரம் ஆறரைக்கு முடியும், இப்ப அஞ்சுக்கு முடியுது, அந்தப் பொண்ணு அஞ்சரை ஊத்துக்குளி பஸ்ஸப் புடிச்சுருது, முன்ன ஏழு மணி பஸ்ஸுதான், இருட்டுன பொறவு ஸ்டாப்புல எறங்கி இட்டாரி வழியா நடந்து போகோணும். எனக்கு அது ஒண்ணே போதும்.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். ஒண்ணு கொறச்சது எல்லாக் கட்டத்துலயும் ஓடற மாதிரி வெச்சுக் குடுக்கறதுக்கு. அதை மாத்தறேன்னு சொல்லியிருக்காங்க, அடுத்த வெர்ஷன் வந்ததும் கீழ சேத்து எழுதறேன். பல்லடம், காங்கயம், சென்னிமலை பக்கம் தறி ஓட்டறவங்க, பெட்ஷீட் பில்லு போடறவங்க யாராச்சும் இந்த மாதிரி ஒண்ண ஃபயர்பாக்ஸ்ல போன்ல ஓட்டிப் பாத்திருந்தீங்கன்னா சொல்லுங்க, எங்க வூட்டுக்காரர் மெஷின் பக்கத்துலயே நின்னு போன்ல ரோல் எடை போடோணும்னு கேட்டுட்டே இருக்காரு.